சிநேகிதருக்கு எள்ளும் நீரும்

மாசி மகத்தன்று கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நிற்க இடம் கிடைப்பது அரிது. சுற்றுவட்டாரத் திருக்கோயில்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்காக அங்கே எழுந்தருள்வர். ஒருபுறம் நாகசுரமும் தவிலும் முழங்கும். சற்றுத் தள்ளி, ஈர மணலில் வரிசையாக அமர்ந்து மறைந்த முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைப்போர் ஏராளம். அந்த வரிசையில் நான்கு ஆண்டுகளாக ஒரு முதியவரும் வந்து அமர்கிறார். சிதம்பரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அவர். தாய் தந்தையர்க்கு அமாவாசை தவறாமல் தர்ப்பணம் செய்பவர்தாம். மாசி மகத்தன்று அவர் பேருந்து ஏறிக் கடலூருக்கு வருவது வேறொருவருக்காக.

ஆசிரியர் பிறந்து வளர்ந்தது கடலூர் வண்டிப்பாளையம். கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளப்பட்ட திருநாவுக்கரசர் ஐந்தெழுத்தையே தெப்பமாகக் கொண்டு கரையேறியதாகப் போற்றப்படும் கரையேறவிட்ட குப்பம் அங்கேதான் இருக்கிறது. சித்திரையில் நடக்கும் அப்பர் விழாவைக் காணத் தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் மீனவச் சிறுவன் ஒருவன் பள்ளியிலும் அவருக்குப் பக்கத்து இருக்கைக்காரன். எட்டாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றது. தந்தையின் கட்டுமரத்தில் ஏறினான். நட்பு மட்டும் நிற்கவில்லை. பிற்காலத்தில் ஆசிரியரை அவர் அழைத்தது 'வாத்தியாரே' என்றுதான். ஆசிரியர் வீட்டில் சைவ உணவு. மீனவர் வரும் நாளில் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருக்கும். கடலிலிருந்து எதையும் அந்த வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்ததில்லை. யாரும் சொல்லிக் கொடுக்காத மரியாதை அது.

வலையை இழுத்ததும் முதலில் கைக்கு வரும் மீனைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவது மீனவரின் வழக்கம். 'அது சாமி பங்கு' என்பார். நாகப்பட்டினம் நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனாரின் வரலாற்றை ஆசிரியர் எடுத்துச் சொன்னபோதுதான் இப்படி ஓர் அடியார் இருந்தார் என்பதே அவருக்குத் தெரியும். கிடைப்பதில் ஒரு மீன் சிவபெருமானுக்கு என்று கடலில் விட்டு வந்தவர் அதிபத்தர். நாளுக்கு ஒரே மீன் மட்டும் அகப்பட்ட வறுமைக் காலத்திலும் அந்த ஒன்றையே விட்டுப் பட்டினி கிடந்தார். ஒருநாள் பொன்னும் மணியும் இழைத்த மீன் ஒன்று வலையில் வந்தபோதும் தயங்காமல் அதையும் விட்டார். இந்த மீனவர் வாழ்வைத் தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் அமர்ந்து பாடினார் சோழ நாட்டின் அமைச்சராயிருந்த சேக்கிழார். நாகையில் இன்றும் ஆவணி மாதத்தில் அதிபத்தருக்கு விழா எடுத்துப் பொன் மீனைக் கடலில் விடுகிறார்கள். கதையைக் கேட்ட தேவனாம்பட்டினத்து நண்பர் சிரித்தாராம். "அவருக்குப் பொன் மீன் வந்தது வாத்தியாரே. எனக்கு மத்தி வந்தால் போதும்!"

மார்கழித் திருவாதிரைக்கு அவர் ஆண்டுதோறும் சிதம்பரம் வந்துவிடுவார். தேரோட்டத்தின்போது மீனவர் குலத்தார் அம்பிகைக்குப் பட்டும் சீரும் சமர்ப்பிக்கும் வழக்கம் அத்தலத்தில் உண்டு. அன்னை பருவதராசன் திருமகள். ஆதலால் தங்கள் குலத்துப் பெண். பிறந்த வீட்டுச் சீரைக் கண்ணால் கண்டுவிட்டு, ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் திருவாதிரைக் களியும் உண்டுவிட்டுத்தான் ஊர் திரும்புவார்.

2004-ஆம் ஆண்டு மார்கழியில் அவர் வரவில்லை. திருவாதிரை விழாவுக்காகத் தில்லை நிறைந்திருந்த அந்நாளில், டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமியன்று காலையில் கடல் பொங்கியது. ஆழ்கடலில் ஆழிப்பேரலை உயர்ந்து தெரிவதில்லை; கரையை நெருங்கும்போதுதான் எழும்பும். அன்று கடலுக்குள் இருந்த மீனவர் பலர் எதையும் உணரவில்லை. இவரும் அப்படித்தான். திரும்பி வந்தபோது கரை இல்லை. படகடியில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரே மகனும் இல்லை.

அடுத்து வந்த மாசி மகத்தில், தந்தைக்கு மகன் செய்ய வேண்டியதை மகனுக்குத் தந்தை செய்தார். அருகில் அமர்ந்திருந்தார் ஆசிரியர். அதன்பிறகு ஒவ்வோர் ஆண்டும் இருவரும் சேர்ந்தே அக்கரைக்குச் சென்றனர்.

மனைவியும் மறைந்த பின் ஒருநாள், வங்கிக் கணக்கிற்கு நியமனதாரர் பெயர் எழுத வேண்டியிருந்தது. படிவத்தில் ஆசிரியர் பெயரைச் சொல்லிவிட்டார் மீனவர். 'உறவுமுறை' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று பேனா நின்றபோது, "சிநேகிதர் என்று போடுங்கள் ஐயா" என்றார். அப்படியே எழுதப்பட்டது; சட்டத்திலும் அதற்குத் தடையில்லை. (நியமனதாரர் என்பவர் பணத்துக்கு உரியவராகிவிடுவதில்லை, உரியவரிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பை ஏற்றவர், அவ்வளவே. இதனை அறியாமல் குடும்பங்களில் எத்தனை பூசல்!) நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசியில் மீனவர் காலமானார். கணக்கிலிருந்த தொகையைப் பெற்று, அவருடைய தங்கை மகளைப் புதுச்சேரியில் தேடிக் கண்டு, கடைசி ரூபாய் வரை ஒப்படைத்தார் ஆசிரியர்.

பணத்தை ஒப்படைத்த பின்னும் ஆசிரியருக்கு உறக்கம் வரவில்லை. மகனுக்கும் அவனைப் பெற்றவருக்கும் இனி எள் இறைப்பவர் யார்?

தாம் செய்வதாகச் சொன்னபோது வீட்டில் எதிர்ப்பு எழுந்தது. "கோத்திரம் தெரியாது, குலம் வேறு. ஊரில் இல்லாத வழக்கத்தை நாம் தொடங்கலாமா? குடும்பத்துக்கு ஆகுமா?" என்று அவர் மனைவி அஞ்சினார். அந்த அச்சத்தை ஆசிரியர் அலட்சியம் செய்யவில்லை. தமக்கும் அது உள்ளூர இருந்ததை ஒப்புக்கொண்டு, ஊரின் மூத்த சாஸ்திரிகள் ஒருவரை இருவருமாகச் சென்று கண்டனர்.

சாஸ்திரிகள் முதலில் காட்டியது புள்ளிருக்குவேளூரை. சிதம்பரத்திலிருந்து சீர்காழியைத் தாண்டியதும் வரும் வைத்தீசுவரன் கோயிலில் சடாயு குண்டம் இருக்கிறது. சடாயுவை இராமபிரான் தகனம் செய்த இடம் என்பது தல வரலாறு. சடாயு இராமனுக்கு என்ன உறவு? தந்தையின் நண்பர். குலமும் வேறு, பிறவியும் வேறு. தந்தைக்குத் தன் கையால் கொள்ளி வைக்க இயலாமற்போன மகன், அந்தத் தோழருக்கு எரியூட்டி நீர்க்கடனும் செய்ததாக வான்மீகம் கூறுகிறது.

அடுத்து அவர் சொன்னது மாசி மகத்தைப் பற்றியே. திருவண்ணாமலை அருணாசலேசுவரர் அன்று பள்ளிகொண்டாப்பட்டு கௌதம நதிக்கு எழுந்தருள்கிறார். பிள்ளையில்லாதவராகத் தல வரலாறு கூறும் வல்லாள மகாராஜனுக்கு மகனாக நின்று திதி கொடுப்பதற்காக! போசள அரசர் மூன்றாம் வல்லாளர் மதுரை சுல்தானோடு நடந்த போரையடுத்து மடிந்து ஏறத்தாழ 680 ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கடன் இன்னும் ஆண்டுதோறும் தீர்க்கப்படுகிறது.

"இவையெல்லாம் தெய்வங்கள் செய்தவை. மனிதருக்கு?" என்று கேட்டார் ஆசிரியரின் மனைவி. நல்ல கேள்வி. மகாளய பட்ச தர்ப்பணத்தில் காருணிக பித்ருக்கள் என்று ஒரு வரிசை உண்டு, சிற்றப்பன், மாமன், குரு ஆகியோரோடு நண்பனும் அதில் வருகிறான் என்றார் சாஸ்திரிகள். அமாவாசைதோறும் செய்யும் தர்ப்பணத்தின் முடிவிலும், தமக்கென்று எவருமில்லாதோர்க்காக ஒரு கை நீர் விடப்படுகிறது. "நீங்கள் இத்தனை ஆண்டுகளாக அதை விட்டுக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?" என்று ஆசிரியரைக் கேட்டார். அம்மையார் பதில் பேசவில்லை. அடுத்த மாசி மகத்திற்கு எள்ளைச் சுத்தம் செய்து பொட்டலம் கட்டிக் கொடுத்தவர் அவரே.

முதல் ஆண்டு தேவனாம்பட்டினத்தில் செய்வித்த புரோகிதர் இளைஞர். கூட்டம் மிகுதி, அவருக்கு அவசரம்.

"கோத்திரம்?"

"தெரியாதுங்க."

"சிவ கோத்திரம் என்று சொல்லுங்கள். பெயர்?"

ஆசிரியர் நண்பரின் பெயரைச் சொன்னார். பிறகு அவர் மகனின் பெயரையும் சொன்னார்.

"உங்களுக்கு என்ன உறவு?"

வங்கியில் எழுதப்பட்டது நினைவுக்கு வந்தது. "சிநேகிதர்" என்றார் ஆசிரியர்.

புரோகிதர் நிமிர்ந்து பார்த்தார். அவசரம் சற்றுத் தணிந்தது. "சகா என்று சொல்லுங்கள், பெரியவரே" என்று பவித்திரத்தைச் சரிசெய்துவிட்டு, மந்திரத்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அலை வந்து எள்ளை எடுத்துச் சென்றது. சற்றுத் தொலைவில் யாரோ வலையை உதறிக்கொண்டிருந்தார்கள்.