ஆலையை ஆண்டவர் நாட்டை ஆளலாமா?

"பணம் படைத்தவன் பதவிக்கு வந்தால் திருட மாட்டான். பல்லாயிரம் பேரை வைத்து வேலை வாங்கியவனுக்கு நாட்டை நடத்துவது ஒரு பெரிய காரியமா?" இப்படி ஒரு பேச்சு இன்று உலகமெங்கும் அடிபடுகிறது. பத்தாங் பெர்ஜுந்தாய்க் கடைத்தெருவிலும், பால் நிறுக்கும் ஸ்டோர் வாசலிலும் நம் தோழர்கள் சிலர் இதையே சொல்லக் கேட்கிறோம். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும் பேச்சு இது. ஆகவேதான் இதை நிறுத்துப் பார்க்க வேண்டியது நம் கடமையாகிறது.

"நம் நாட்டில் ஜனாதிபதி தேர்தல் இல்லையே, நமக்கென்ன?" என்று கேட்கலாம். மாமன்னரும் நாடாளுமன்றமும் உள்ள நாடு நம்முடையது. ஆனால் முதலாளியே ஆளட்டும் என்ற எண்ணத்துக்கு எல்லைக்கோடு கிடையாது. அமெரிக்காவில் 1992-ஆம் ஆண்டு ராஸ் பெரோ என்ற கம்ப்யூட்டர் கம்பெனி முதலாளி ஜனாதிபதி பதவிக்கு நின்று, நூற்றுக்குப் பத்தொன்பது வாக்குகள் வீதம் பெற்றார். 2023-இல் விவேக் ராமசாமி என்ற மருந்துக் கம்பெனி அதிபர் புறப்பட்டார். பாலக்காட்டிலிருந்து சென்று குடியேறிய, தமிழ் பேசும் குடும்பத்துப் பிள்ளை அவர். தாம் வந்தால் மத்திய அரசாங்க ஊழியரில் முக்கால்வாசிப் பேரை நீக்கிவிடப் போவதாக முழங்கினார். 2024 ஜனவரியில் முதல் மாநிலத்து வாக்கெடுப்பிலேயே நான்காவதாக வந்து விலகினார். தமிழ் பேசுகிறார் என்று நாம் மகிழ்வதா, முக்கால்வாசிப் பேரின் பிழைப்பைப் பறிக்க நினைத்தார் என்று வருந்துவதா?

பக்கத்திலுள்ள சிங்கப்பூரிலோ இந்த எண்ணம் அரசியல் சாசனத்திலேயே ஏறியிருக்கிறது. தனியார் துறையிலிருந்து ஜனாதிபதி பதவிக்கு நிற்க விரும்புகிறவர், பங்குதாரர் மூலதனம் சராசரி 50 கோடி சிங்கப்பூர் வெள்ளி உள்ள கம்பெனியை லாபத்தோடு நிர்வகித்தவராக இருக்க வேண்டும் என்பது 2016-இல் திருத்தப்பட்ட விதி. நாட்டின் சேமிப்பைக் காக்கும் பதவி அது, ஆகவே பெரிய கணக்குப் பார்த்தவர் வேண்டும் என்பது அங்கே கூறப்படும் காரணம். காரணம் இருக்கட்டும். அந்தக் கம்பெனியை உழைத்து வளர்த்த தொழிலாளிக்கு அந்த வாசல் இல்லை என்பதும் உண்மைதானே?

இவர்கள் எல்லாரையும்விட நமக்கு நெருக்கமான உதாரணம் தைவான் தீவில் இருக்கிறது. நெருக்கம் என்று ஏன் சொல்கிறோம்? அந்த முதலாளி தொடங்கிய கம்பெனியில் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் உழைக்கிறார்கள்.

அவர் பெயர் டெர்ரி கோ. 1974-இல் சிறு முதலைப் போட்டு, டெலிவிஷன் பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் உறுப்புகள் செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அதுவே பாக்ஸ்கான் என்ற பெயரில், ஐபோன் முதலிய கருவிகளைப் பிற கம்பெனிகளுக்காகச் செய்து கொடுக்கும் உலகத்தின் மிகப் பெரிய உற்பத்திக் கம்பெனியாக வளர்ந்தது. அவர் உழைத்து முன்னேறியவர் என்பதை நாம் மறுக்கவில்லை. 2019-இல் ஜனாதிபதி பதவியின் மீது நாட்டம் கொண்டார். கடல் தெய்வமே தமக்கு அவ்வாறு உணர்த்தியதாகவும் சொன்னார். கோமிந்தாங் கட்சியின் உட்தேர்தலில் தோற்றார். 2023 ஆகஸ்டில் சுயேச்சையாக மறுபடியும் வந்தார். சட்டப்படி வேண்டியது சுமார் 2 லட்சத்து 90 ஆயிரம் கையொப்பங்கள். அவருக்குத் தேறியவை 9 லட்சத்துக்கும் மேல். அவற்றில் காசு கொடுத்து வாங்கியவை உண்டா என்று அதிகாரிகள் விசாரணை நடத்தினார்கள். நவம்பர் 24-ஆம் தேதி, மனுத்தாக்கலின் கடைசி நாளில், அவர் விலகிக் கொண்டார்.

இனி, பணக்காரருக்காகப் பேசுகிறவர்களின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொள்வோம்.

பணக்காரனை யாரும் விலைக்கு வாங்க முடியாது என்பது முதல் வாதம். பாக்ஸ்கானின் பெரிய ஆலைகள் சீனாவில் இருக்கின்றன. சீனாவோ தைவானைத் தன் பகுதி என்று உரிமை கொண்டாடும் நாடு. 2023 அக்டோபரில், கோ களத்தில் இருந்த போதே, சீன அதிகாரிகள் பாக்ஸ்கான் கிளைகளில் புகுந்து வரிக் கணக்கையும் நில உபயோகத்தையும் சோதித்தார்கள். தம் சொத்தை வைத்து மிரட்டினாலும் பணிய மாட்டேன் என்று அவர் முன்னமே அறிவித்திருந்தார். அந்தச் சோதனைக்கும் அவருடைய விலகலுக்கும் முடிச்சுப் போட நம்மிடம் ஆதாரமில்லை, போடவும் மாட்டோம். ஆனால் ஒன்று கண்கூடு. பெரும் சொத்துக்காரனை விலைக்கு வாங்க முடியாமல் இருக்கலாம். அவனை மிரட்ட முடியும். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்று நம் பாட்டிமார் சொன்னது ஆற்றங்கரை வழிப்போக்கனுக்கு மட்டுமா? ஜனாதிபதி நாற்காலிக்குப் போகும் வழிக்கும் அது பொருந்தும்.

நிர்வாகத் திறமை என்பது இரண்டாவது வாதம். 2010-ஆம் ஆண்டில், சீனத்து ஷென்ஜென் நகரிலுள்ள பாக்ஸ்கான் ஆலைகளில் இளம் தொழிலாளர் பத்துப் பேருக்கு மேல் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார்கள். கம்பெனி சம்பளத்தை உயர்த்தியது. கூடவே கட்டடங்களைச் சுற்றி வலையும் கட்டியது. வலை கட்டுவதும் ஒரு நிர்வாகத் திறமைதான். ஆனால் வலை கட்டும்படி ஏன் நேர்ந்தது என்று கேட்க அங்கே தொழிலாளிக்குச் சுதந்திரமான சங்கம் இருந்ததா?

தமிழ்நாட்டுக்கு வருவோம். சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்யும் பாக்ஸ்கான் ஆலை இருக்கிறது. அங்கே உழைப்பவர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். 2021 டிசம்பரில் அவர்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி 250-க்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள். 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். நெருக்கமான அறைகள், தரையில் படுக்கை, தண்ணீர் வராத கழிப்பறைகள் என்று பின்னர் செய்திகள் வெளியாயின. தோழிகள் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவ, ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. ஆப்பிள் கம்பெனியே அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. பாக்ஸ்கான் வருத்தம் தெரிவித்து, விடுதிகளைச் சீர்செய்வதாக வாக்களித்து, 2022 ஜனவரியில் ஆலையைத் திறந்தது. அப்போது கோ தலைவர் பதவியில் இல்லை, 2019-இலேயே இறங்கிவிட்டார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் அவர் இயக்குநர் குழுவில் இருந்தார். பெரிய பங்குதாரராகவும் இருந்தார்.

சிந்தித்துப் பாருங்கள். கைக்குள் அடங்கும் கருவியில் மயிரிழை பிசகாமல் ஆயிரம் உறுப்புகளைப் பொருத்தத் தெரிந்த நிர்வாகம் அது. அந்தக் கருவியைச் செய்கிற பெண்ணின் சோற்றுத் தட்டைப் பார்க்க அதற்கு ஏன் கண் இல்லாமற் போயிற்று? அறிவு குறைந்ததாலா? அல்ல. அந்தப் பெண்ணுக்கு அந்த நிர்வாகம் கணக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சாலையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் கட்டாயம் பிறந்தது.

தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதும் நமக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். கம்பெனியில் கணக்கு மேல்நோக்கியே போகும். பால் வெட்டுகிறவர் மண்டோருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். மண்டோர் கிராணிக்கு, கிராணி துரைக்கு, துரை கம்பெனிக்கு. எத்தனை மரம், எத்தனை பால், ஒட்டுப்பால் எவ்வளவு என்று கீழேயிருந்து மேலே கணக்குப் போகும். மேலேயிருந்து கீழே உத்தரவு வரும். லாபம் எவ்வளவு, அது எங்கே போயிற்று என்று நிரையில் நிற்கிறவர் மேலே பார்த்துக் கேட்க வழியில்லை. கேட்டால் மறுநாள் பெரட்டில் அவர் பெயர் இருக்குமா?

நாட்டில் கணக்கு கீழ்நோக்கி வர வேண்டும். பெரட்டில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்வது நம் வேலை; தேர்தலில் பெயர் கூப்பிடுகிறவர்கள் நாம், பதில் சொல்ல வேண்டியவர் ஆளுகிறவர். நாற்பது ஆண்டுகள் பிறரிடம் கணக்குக் கேட்டே பழகியவர், ஒரே நாளில் பிறருக்குக் கணக்குச் சொல்லப் பழகிவிடுவாரா? முதலாளி வேட்பாளரைப் பற்றி நாம் எழுப்பும் கேள்வி இதுதான்.

1941-ஆம் ஆண்டை நம் மூத்தோர் மறக்கவில்லை. கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கி சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவிய அந்த வேலைநிறுத்தத்தில் கேட்டவை என்ன? சம்பள உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, 10 முதல் 12 மணி நேர வேலைக்கு முடிவு, சங்கம் அமைக்கும் உரிமை, துரையின் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை. தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் நீத்தார்கள். அன்றைய துரைமார் நிர்வாகத்தில் சோடை போனவர்களா? காட்டை அழித்து நேர் நிரை பிடித்து மரம் நட வைத்தவர்கள். திறமையில் குறைவில்லை. கேட்பார் இல்லாத திறமை அது, ஆகவே கொடுமையாயிற்று.

அந்தப் பன்னிரண்டு மணி நேரம் செத்துவிட்டதென்று எண்ண வேண்டாம். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம், ஆலைகளில் தினசரி வேலையைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்டிக்க இடந்தரும் திருத்தத்தை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. சில நாட்களில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று, திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார். எப்படி நடந்தது? மீண்டும் வாக்குக் கேட்டு வர வேண்டியவர்கள் என்பதால் காது கொடுத்தார்கள். அதே ஆணை ஒரு கம்பெனித் தலைவரின் மேசையிலிருந்து வந்திருந்தால், எந்தச் சபையில் எதிர்ப்பது?

"அப்படியானால் ஏழை மகன் வந்தால் போதுமா?" என்று சிலர் மடக்குவார்கள். போதாது. தைவானில் 2024 ஜனவரியில் வென்றவர் லாய் சிங் தே. அவர் தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்தவர். சுரங்கத் தொழிலாளியின் மகன் நாற்காலி ஏறியதில் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவரிடமும் கணக்குக் கேட்க வேண்டும். பிறப்பு யாருக்கும் நற்சான்றுப் பத்திரம் ஆகாது, செல்வமும் ஆகாது.

நம் வட்டாரத்தையே பாருங்கள். மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள், நிலம் கைமாறிய பிறகு தமக்கொரு வீடு கேட்டுப் பல ஆண்டுகள் அலைந்தார்கள். அவர்களுக்காகக் கதவைத் தட்டியது எது? மனு, ஊர்வலம், மன்றத்தில் எழுப்பிய கேள்வி, தேர்தல் காலத்தில் வேட்பாளர் முன் நீட்டிய விரல். இவ்வளவும் இருந்தே இத்தனை ஆண்டுகள் ஆயின. கேட்கிற இடத்திலும் கொடுக்கிற இடத்திலும் ஒரே முதலாளி உட்கார்ந்திருந்தால் எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கும்?

ஆகவே தோழர்களே, நாளை எந்தக் கோடீஸ்வரர் எந்த நாட்டில் எந்தப் பதவிக்கு வந்து நின்றாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அவருடைய ஆலையில் தொழிலாளர் அச்சமின்றிச் சங்கம் வைக்க முடிந்ததா? அவருடைய சொத்து எங்கே, யார் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது? அவர் தவறு செய்தால் அவரை இறக்க நமக்கு வழி உண்டா? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால், பணக்காரர் என்ற ஒரே காரணத்துக்காக அவரைத் தள்ள வேண்டாம். வராவிட்டால், பணக்காரர் என்ற ஒரே காரணத்துக்காக அவரைத் தூக்கிச் சுமக்கவும் வேண்டாம்.

இந்தக் கேள்வி கேட்கும் பழக்கம் தேர்தல் நாளில் திடீரென்று வந்துவிடாது. அதற்குப் பள்ளிக்கூடம் நம் சங்கக் கிளைதான். அடுத்த கிளைக் கூட்டத்தில் பொருளாளர் வரவு செலவு வாசிக்கும்போது, வீட்டுக்குப் போகும் அவசரத்தில் கைதூக்கிவிட்டு எழுந்து போகாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். புரியாததைத் திருப்பிக் கேளுங்கள். சந்தாப் பணத்துக்குக் கணக்குக் கேட்கத் தெரிந்த தொழிலாளிதான் நாட்டுப் பணத்துக்கும் கணக்குக் கேட்பான்.