ஓசியில் வரும் கவச வண்டி

ஓசியில் கிடைத்தால் ஃபினாயிலையும் குடிப்பான் என்று நம்ம ஊரில் கிண்டல் செய்வார்கள். அமெரிக்காவில் அதை ஓர் அரசுத் திட்டமாகவே நடத்துகிறார்கள். பெயர் 1033. ராணுவம் வேண்டாமென்று ஒதுக்கிய தளவாடங்களை உள்ளூர்ப் போலீசுக்குக் கொடுக்கும் ஏற்பாடு. 1997ஆம் நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தின் 1033ஆம் பிரிவில் இருப்பதால் அந்தப் பெயர். ராணுவம் வாங்கிய விலையில் கணக்கிட்டால், இதுவரை கைமாறிய பொருட்களின் மதிப்பு 700 கோடி டாலரைத் தாண்டும். பொருளுக்குக் காசு கிடையாது. ஏற்றிப் போகும் செலவும் பராமரிப்பும் மட்டும் வாங்குபவர் தலையில். ஈராக்கில் கண்ணிவெடியைத் தாங்குவதற்காகச் செய்த எம்ராப் வண்டிகள் இப்படித்தான் சின்னச் சின்ன ஊர்களுக்கும் வந்து சேர்ந்தன. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிக்கூடப் போலீசிடமே ஒன்று இருந்தது, கூடவே கிரனேடு லாஞ்சர்களும். 2014இல் ஊர் கேள்வி கேட்ட பிறகுதான் அவற்றைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இப்போது நடைமுறை என்ன? பொருட்பட்டியல் இணையத்தில் இருக்கும். போலீஸ் துறை தேர்ந்தெடுத்து, காரணம் எழுதி விண்ணப்பிக்கும். மாநில ஒருங்கிணைப்பாளர் ஒப்புதல் தருவார். பிறகு பாதுகாப்புத் துறையின் தளவாட முகமை ஒப்புதல் தரும். "இதில் மனுஷங்க எதுக்கு? கிடங்கில் இருப்பது என்ன, கேட்பவர் யார்னு ஒரு மென்பொருளே பொருத்திப் பார்த்து அனுப்பிடலாமே" என்கிற யோசனை கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பொருள் வீணாகாது, தாமதம் இருக்காது, ஆளுக்கொரு நீதி இருக்காது.

இந்த யோசனையை நான் எதிர்க்கிறேன். காரணம் மென்பொருள் தப்பு செய்யும் என்பதல்ல. சொன்னதைப் பிசகில்லாமல் செய்யும், அதுதான் சிக்கல்.

2017இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ ஒரு காரியம் செய்தது. இல்லாத ஒரு போலீஸ் அமைப்பை உருவாக்கியது. போலி வலைத்தளம், போலி முகவரி, மின்னஞ்சலில் விண்ணப்பம். இரவுப் பார்வைக் கருவிகள், போலித் துப்பாக்கிகள், போலிக் குழாய் வெடிகுண்டுகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்கள் கிடைத்தன. மதிப்பு சுமார் 12 லட்சம் டாலர். அந்த முகவரியில் யாராவது இருக்கிறார்களா என்று ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. மனிதர்கள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே கதை இதுதான். காகிதம் சரியாக இருந்தது, படிவம் நிரம்பியிருந்தது, பொருள் போய்விட்டது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் ஏற்கெனவே இயந்திரம் மாதிரிதான் வேலை பார்த்திருக்கிறார்கள். அவர்களையும் எடுத்துவிட்டு அதே வேலையை இன்னும் வேகமாகச் செய்வதற்குப் பெயர் சீர்திருத்தமா?

அடுத்தது தரவு. இந்த ஆயுதங்கள் குற்றத்தைக் குறைக்கின்றன என்று 2017இல் இரண்டு ஆய்வுகள் சொன்னன. அரசும் அவற்றைப் பிடித்துக்கொண்டது. 2020 டிசம்பரில் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் வந்த ஆய்வுகள் அதை மறுத்தன. பழைய முடிவுகள் நின்ற தரவிலேயே ஓட்டை என்றன. எந்த ஊரில் எந்தப் பொருள் இருக்கிறது என்ற பதிவே நம்பத்தக்கதாக இல்லாதபோது, அதையே தீனியாகப் போட்டு எந்த ஊருக்கு இன்னும் தேவை என்று கணிக்கச் சொல்வது என்ன அறிவு?

மூன்றாவது, ஒரு சின்ன விதி. வாங்கிய பொருளை ஓராண்டுக்குள் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வீணடிக்கக் கூடாது என்பதற்காக எழுதியதாக இருக்கலாம். ஆனால் கவச வண்டியைப் பயன்படுத்த ஒரு காரணம் தேடச் சொல்லும் விதியும் அதுதான். அந்த வண்டி கடைசியில் யார் வீட்டு வாசலில் நிற்கும் என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை.

"போவதில் பெரும்பகுதி மேசை, நாற்காலி, போர்வை, ஜெனரேட்டர்தானே? வெள்ளத்தில் ஆட்களைத் தூக்கியதும் அந்த ராணுவ வண்டிகள்தானே?" என்பார்கள். உண்மை. போர்வையைத் தாராளமாக மென்பொருளே பிரித்துக் கொடுக்கட்டும், யார் தடுத்தது? போர்வைக்கும் துப்பாக்கிக்கும் ஒரே வரிசை ஏன் என்பதுதான் என் கேள்வி. சட்டமே இரண்டையும் வேறாகத்தான் பார்க்கிறது. போர்வை ஓராண்டில் வாங்கியவருக்கே சொந்தமாகிவிடும். துப்பாக்கியும் கவச வண்டியும் கடைசிவரை பாதுகாப்புத் துறையின் சொத்து, வெறும் இரவல்.

இரவல் கொடுத்தவனுக்குத் திரும்பக் கேட்கும் கடமை உண்டு. தானியங்கி வேண்டுமென்றால் அங்கே வையுங்கள். எந்தத் துப்பாக்கி எங்கே இருக்கிறது, எது கணக்கில் காணோம், எந்தத் துறை எத்தனை முறை எதற்காக எடுத்தது என்பதெல்லாம் அந்த ஊர் மக்கள் பார்க்கும்படி தானாகப் பதிவாகட்டும். பதில் வராவிட்டால் அடுத்த விண்ணப்பம் தானாக நிற்கட்டும். வாங்கும் வழியில் மட்டும் வேகம் கேட்டு, திரும்பும் வழியில் மௌனம் காப்பவர்களுக்குச் சிக்கனத்தில் அக்கறை என்று நம்ப நான் தயாரில்லை.

ஃபெர்குசனில் 2014 ஆகஸ்டில் மைக்கேல் பிரவுன் கொல்லப்பட்ட பிறகு தெருவில் நின்ற கருவிகள் எல்லாமே இந்தத் திட்டத்தில் வந்தவை அல்ல. ஆனாலும் நாடு கேள்வி கேட்டது. 2015இல் ஒபாமா கட்டுப்பாடு போட்டார். 2017இல் டிரம்ப் எடுத்தார். 2022இல் பைடன் மீண்டும் போட்டார். 2025இல் டிரம்ப் திரும்ப வந்து, இன்னும் நிறையக் கொடுங்கள் என்று உத்தரவிட்டார். நான்கு முறையும் ஓர் ஆள் கையெழுத்திட்டார், அதனால் திட்டவும் ஓர் ஆள் இருந்தார். மென்பொருள் கொடுக்கத் தொடங்கினால் "சிஸ்டம் அனுப்பிடுச்சு" என்று எல்லோரும் கையை விரித்துவிடலாம். துப்பாக்கி போகிற ஒவ்வொரு ஊருக்கும் சரி என்று சொன்னவரின் பெயர் இருந்தாக வேண்டும்.