துருவேறிய மரையாணியும் சங்கத்தின் கடமையும்

அங்கத்தினர்கள் பலர் அற்பமென ஒதுக்கிவிடும் ஒரு பொருளைப் பற்றி இத்திங்கள் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். தறியின் மேலே ஜக்கார்டுப் பெட்டியைத் தாங்கி நிற்பது மரையாணி. கிணற்றடியில் என்ஜினை அடித்தளத்தோடு இறுக்கிப் பிடிப்பதும் மரையாணியே. அது துருவேறிக் கழல மறுக்கும் நாளில் நெசவாளிக்குக் கூலி நின்றுபோகிறது; மிளகாய்த் தோட்டத்திற்குத் தண்ணீர் நின்றுபோகிறது. விலை சில ரூபாய்தான். அதனால் விளையும் நஷ்டமோ ஒரு பருவத்தையே விழுங்க வல்லது.

நமது கடற்கரையில் இரும்பு எவ்வளவு விரைவில் நலிகிறது என்பதற்குப் பாம்பனைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. 1914-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம் 1964 டிசம்பர்ப் புயலில் பெருஞ்சேதமடைந்தும் இரண்டு மாதத்திற்குள் செப்பனிடப்பட்டு மீண்டும் ரயிலைத் தாங்கியது. புயலுக்குப் பின்னும் பிழைத்த அப்பாலத்தைத் துரு வென்றது. தூக்குப் பகுதி துருவால் பழுதுற்றமையால் 2022 டிசம்பரில் அதன்மீது ரயில் செல்வது நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடியாத எஃகுக் கம்பிகளை இட்டனர். இணைப்புகளைப் பற்றவைத்து மூடினர். துருவைத் தடுக்கும் உயர்ரகப் பூச்சும் கொடுத்தனர். பாலத்தைப் பற்றவைக்கலாம். நமது பம்பையும் தறியையும் அவ்வாறு செய்ய இயலாது. பழுது பார்க்க அவற்றைக் கழற்றியே ஆகவேண்டும். ஆதலால் மரையாணியைப் பேணுவது நமக்குத் தவிர்க்க முடியாத வேலையாகிறது.

மரையாணி இறுகிப்போவதன் காரணம் எளிது. துருவானது தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைகளுக்கு இடையே மயிரிழை இடைவெளிதான் உண்டு. அதில் துரு வளர்ந்தால் ஆணியும் நட்டும் ஒன்றாகக் கவ்விக்கொள்கின்றன. கடற்காற்றின் உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொண்டு இவ்வினையைத் துரிதப்படுத்துகிறது. பரமக்குடி, எமனேசுவரம் போன்ற உள்ளூர்களிலும் ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரமும் குழித்தறியின் கசிவும் இதே வேலையைச் செய்கின்றன.

இவ்வாறு இறுகியதைப் பலவந்தத்தால் வெல்ல நினைப்பதே பெரும் பிழை. நீண்ட குழாயை ஸ்பானரில் மாட்டித் திருகினால் தலை முறியும். அல்லது வார்ப்பிரும்பின் காது உடையும். முதலில் உப்பை நல்ல தண்ணீரால் துடைத்து உலர்த்தி, கம்பித் தூரிகையால் வெளித்துருவை நீக்க வேண்டும். பின்னர் துரு இளக்கும் எண்ணெயையோ, மண்ணெண்ணெயில் சிறிது என்ஜின் எண்ணெய் கலந்ததையோ மரையில் இறங்குமாறு விட்டு ஓரிரவு ஊறவிட வேண்டும். மறுநாள் தலையின்மீது சுத்தியலால் மெல்லப் பலமுறை தட்டினால் துரு நொறுங்கும். வாய் திறந்த ஸ்பானரை விடுத்து ரிங் ஸ்பானரை மாட்டி, முதலில் இம்மியளவு இறுக்கி, அதன்பின் தளர்த்த வேண்டும். அசைந்ததும் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாகத் திருப்பியே எடுக்க வேண்டும். இதற்கும் அசையாத நட்டைச் சூடேற்றினால் அது விரிந்து பிடியை விடும். ஆயினும் நூலும் பஞ்சும் உள்ள தறிக்கூடத்திலும், டீசல் கசியும் இடத்திலும், மண்ணெண்ணெய் விட்ட ஆணியிலும் தீயை அண்டவே விடலாகாது.

தலை மழுங்கிய திருகாணிக்கு வேறு உபாயம் உண்டு. பழைய சைக்கிள் டியூபின் துண்டொன்றைத் தலைமேல் வைத்துத் திருப்புளியை அழுத்தித் திருப்பினால் பெரும்பாலும் பிடி கிடைக்கும். கிடைக்காவிடில் இரும்பு ரம்பத்தால் புதிய கீற்று அறுக்கலாம். ஆணி உள்ளேயே முறிந்திருந்தால் அதன் நடுவே துளையிட்டு, இடமரையுள்ள எடுப்பானை இடப்புறமாகச் செலுத்தினால் அது கவ்விக்கொண்டு வெளிவரும். எடுப்பான் கடினமான எஃகு. உள்ளே முறிந்தால் சாதாரணத் துளைப்பான் அதனைத் தொடாது. அத்தகைய வேலையை அனுபவமுள்ள பட்டறைக்காரரிடம் ஒப்படைப்பதே உத்தமம்.

"ஆணியை உடைத்தெறிந்து புதியது போட்டால் தீர்ந்தது, இதற்கு இவ்வளவு பேச்சா?" எனச் சிலர் வினவக்கூடும். ஆணி மலிவு என்பது மெய்யே. அது சிக்கியிருக்கும் பம்பின் வார்ப்பு மலிவன்று. உடல் முழுதும் நன்றாயிருக்க, ஓர் ஆணி முறிந்த காரணத்தால் மூலையில் கிடக்கும் யந்திரங்களைப் பார்க்கும்போது நமக்கு வருத்தமே மேலிடுகிறது. துருப்பிடியாத எஃகு ஆணிகளை மட்டும் வாங்கலாமே என்போரும் உண்டு. அவை நல்லவையே, எனினும் கிரீஸ் இன்றி இறுக்கினால் அவற்றின் மரைகளும் ஒன்றையொன்று கவ்விச் சிக்கும். எந்த ஆணியாயினும் மரையில் கிரீஸ் தடவி மாட்டுவதே அடிப்படை.

இனி நமது யோசனையைக் கூறுகிறோம். ரிங் ஸ்பானர் வரிசை, கம்பித் தூரிகை, துரு இளக்கும் எண்ணெய், துளைப்பான், எடுப்பான், மரை போடும் டாப் ஆகியவற்றைத் தனித்தனியே ஒவ்வொருவரும் வாங்குவது அசாத்தியம். வாங்கினாலும் ஆண்டில் சில நாட்களே பயன்படும். சங்கம் ஒரு பெட்டி வாங்கிவைத்தால் அனைவருக்கும் போதும். துணைவிதிகள் இடந்தரும் நிதியிலிருந்து இதற்கான தொகையைப் பொதுக்குழு அனுமதிக்கட்டும். கருவி வாங்குபவர் பதிவேட்டில் கையொப்பமிட்டு, குறித்த நாளில் துடைத்துத் திருப்பித் தரட்டும். புரட்டாசி முடிவதற்குள் ஒரு நாளை ஒதுக்கி, ஒவ்வொரு தறியிலும் பம்பிலும் கழலவேண்டிய ஆணிகளை ஒருமுறை தளர்த்தி, கிரீஸிட்டு மீண்டும் இறுக்கட்டும். மழைக்கு முன் கழன்ற ஆணி, மழைக்குப் பின்னும் கழலும்.

தனியொருவரால் இயலாததைப் பலர் கூடிச் செய்வதற்கே சங்கம் கண்டோம். கடனும் நூலும் உரமும் வழங்குவதோடு அக்கடமை முடிந்துவிடுவதில்லை. கடனில் வாங்கிய யந்திரம் ஓடிக்கொண்டிருப்பதையும் பார்த்துக்கொள்வதே கூட்டுறவின் முழுமை. அடுத்த பொதுக்குழுவில் இப்பொருள் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறும்படி ஒவ்வொரு சங்கத்தின் அங்கத்தினர்களும் செயலாளருக்கு இன்றே எழுதித் தரவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.