விலை குறைந்த போன் யாருக்கு?



போன மாதம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு வாக்குவாதம். ஏ.எல். படிக்கும் மகன் ஐபோன் கேட்டு நச்சரிக்கிறான் என்று ஒரு அக்கா சொன்னார். "பெரிய கம்பெனிக்காரர்கள் எங்களைப் போன்ற நாடுகளுக்கென்று விலை குறைத்து ஒன்றைச் செய்தால் என்ன?" என்று பக்கத்தில் நின்ற தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஆனால், அவர்கள் அப்படிச் செய்யாமல் இல்லை. 2013இல் பிளாஸ்டிக் உடம்போடு ஐபோன் 5சி வந்தது. மலிவு போன் வரப்போகிறது என்று பலரும் எதிர்பார்த்தார்கள். விலை 549 டொலர். 2016இல் எஸ்.இ. என்ற சின்ன போன் 399 டொலருக்கு வந்தது. 2022இல் வந்த எஸ்.இ. 429. பிறகு 2025 பெப்ரவரியில் அதன் இடத்தைப் பிடித்த 16இ 599 டொலர். 2016க்குப் பிறகு இவர்கள் பேசும் குறைந்த விலையும் மலையேறியிருக்கிறது.

நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 599 டொலர் 179,700 ரூபாய். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ஆக இருந்தது. சேமலாப நிதிக்கு 8 வீதம் போனால் கைக்கு 1242. அந்தச் சம்பளத்தில் அந்தப் போனுக்கு 145 நாள் முழுப் பேர் விழ வேண்டும். அதுவும் அரிசி, மா, பிள்ளைகளின் பஸ் காசு எதற்கும் ஒரு சதமும் எடுக்காமல். வற் வரி 18 வீதம் இதற்கு மேலே. 599ஐ 400 ஆகக் குறைத்தாலும் லயத்துக்கு அது வந்து சேராது.

அதற்காக, தோட்டத்தானுக்கு எதற்கு டச் போன் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. 2020இலும் 2021இலும் பாடசாலைகள் பூட்டிக் கிடந்தபோது நம் பிள்ளைகள் சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறியதை மறந்துவிட்டோமா? மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன். அதுவும் அப்பா வேலையால் வந்த பிறகுதான். இன்றைக்கும் பாடக் குறிப்பு வாட்ஸ்அப்பில்தான் வருகிறது.

நமக்குத் தேவை ஐந்தாறு வருடம் உழைக்கும் போன். எங்கள் லயத்தில் ஒரு தங்கச்சி தவணைக்குப் போன் எடுத்தார். தவணை முடியுமுன்பே பெட்டரி ஊதிவிட்டது. அந்த மொடலுக்குப் பெட்டரி இப்போது வருவதில்லை என்று கடையில் கையை விரித்தார்கள். போன் அலுமாரிக்குள் கிடக்கிறது, தவணை மட்டும் மாதாமாதம் போகிறது. பழைய போன்களின் கதை இன்னொன்று. அன்ட்ரொய்ட் 4.4 உள்ள போன்களில் 2025 ஜனவரியோடு வாட்ஸ்அப் நின்றுபோனது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மொடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் 5 வருடத்துக்கு மென்பொருள் புதுப்பிப்பும், 7 வருடத்துக்கு உதிரிப்பாகமும் கொடுக்க வேண்டும். 800 தடவை சார்ஜ் ஏற்றிய பிறகும் பெட்டரியில் 80 வீத வலு இருக்க வேண்டும். அங்கே செய்ய முடிகிறதை இங்கே ஏன் செய்ய முடியாது? இரண்டு வருடத்துக்கொரு போன் வாங்க வசதியுள்ளவனை விட, ஒன்றையே வைத்துச் சமாளிக்கிற நமக்கல்லவா அந்தச் சட்டம் முதலில் வேண்டும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விலையைக் குறை என்றால் முதலாளி முதலில் கை வைப்பது கூலியில்தான். தேயிலைக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐபோன் பொருத்தும் தமிழ்நாட்டு ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் பெண்கள் 2021 டிசம்பரில் வீதியை மறித்து உட்கார்ந்தார்கள். விடுதிச் சாப்பாடு நஞ்சாகி நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு நடந்த போராட்டம் அது. அவர்கள் வயிற்றில் அடித்து வரும் மலிவு போன் நமக்கு வேண்டாம்.

கேட்க வேண்டியதை அரசாங்கத்திடம் கேட்போம்: ஆகக்குறைந்த விலைப் போன்களுக்கு வற் வரியை எடுக்கட்டும், உதிரிப்பாகமும் புதுப்பிப்பும் எத்தனை வருடம் என்று பெட்டியிலேயே தமிழிலும் சிங்களத்திலும் அச்சடிக்கச் சொல்லட்டும். தவணைக் கடைகளின் வட்டியையும் பார்க்க வேண்டும். தலைவர்மார் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை எடுக்கட்டும். தவணைத் தாள் வீட்டில் வைத்திருப்பவர்கள் அதைக் கையோடு கொண்டு வாருங்கள்.