முதலிடம் கொடுத்தது எது?

அமெரிக்க நாட்டு மோட்டார் கார் விற்பனையில் 1931-ஆம் ஆண்டு முதல் முதலிடத்தில் வீற்றிருந்தது ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி. எழுபதுகளின் பெட்ரோல் பஞ்சமோ, 2009-இல் அக்கம்பெனி கோர்ட்டுப் படியேறித் திவால் மனுக் கொடுத்ததோகூட அந்த இடத்தை அசைக்கவில்லை. 2021-இல் அது பறிபோயிற்று. அவ்வாண்டு ஜப்பானின் டொயோட்டா அங்கே விற்ற வண்டிகள் சுமார் 23 லட்சத்து 32 ஆயிரம்; ஜெனரல் மோட்டார்ஸ் விற்றவை 22 லட்சத்து 18 ஆயிரம்.

அமெரிக்கருக்குத் திடீரென்று ஜப்பான் வண்டிமேல் மோகம் பிறந்துவிட்டது என்று இதற்குப் பொருள் சொல்வது சுலபம். உண்மை அதுவன்று. விற்பனையாளரின் முற்றத்தில் யாருடைய வண்டி நின்றது என்பதுதான் அவ்வாண்டின் கணக்கைத் தீர்மானித்தது.

பணத்தைக் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது அமெரிக்கரின் வழக்கமல்ல. முற்றத்தில் நிற்கும் வண்டிகளில் ஒன்றைப் பொறுக்கி, கையெழுத்திட்டு, அன்றே ஓட்டிச் செல்பவர்களே மிகுதி. அதற்காக ஏறக்குறைய இரண்டு மாத விற்பனைக்குப் போதுமான சரக்கை வைத்திருப்பார்கள். அது இல்லையென்றால் வந்தவர் அடுத்த கடைக்கு நடக்கிறார்.

முற்றம் காலியானது எப்படி? 2020-இல் கொரோனா நோய் பரவியபோது, இனிக் கார் வாங்க ஆளிராது என்று அஞ்சிய கம்பெனிகள், மின்னணுச் சில்லுகளுக்குக் கொடுத்திருந்த ஆர்டர்களை ரத்துச் செய்தன. சில்லுத் தொழிற்சாலைகள் கம்ப்யூட்டருக்கும் டெலிபோனுக்கும் திரும்பிவிட்டன. சில மாதங்களிலேயே கார்க் கிராக்கி மீண்டது, சில்லு மீளவில்லை. எஞ்சின் முதல் பிரேக் வரை அதை நம்பியிருக்கும் வண்டி, மற்றதெல்லாம் இருந்தும் முடவனாய் நின்றது.

டொயோட்டா தப்பியதில் ஒரு வேடிக்கை உண்டு. வேண்டிய பொருளை வேண்டிய நேரத்தில் தருவித்தால் போதும், கிடங்கில் பணத்தை முடக்காதே என்று உலகுக்குப் பாடம் சொன்னதே அந்தக் கம்பெனிதான்! ஆனால் 2011-இல் ஜப்பானைத் தாக்கிய பூகம்பமும் கடற்பெருக்கும் அதற்கே வேறு பாடம் கற்பித்தன. அதன்பின், சில்லு போன்றவற்றை இரண்டு முதல் ஆறு மாதத் தேவைக்குச் சேர்த்து வைக்கும்படி தனக்குப் பொருள் தருவோரைப் பணித்தது. பத்தாண்டுகள் வீண் செலவாகத் தோன்றியிருக்கக்கூடிய அந்தக் கையிருப்பு, 2021-இன் முற்பகுதியில் கைகொடுத்தது.

அதுவும் கரைந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் டொயோட்டா தன் உலக உற்பத்தித் திட்டத்தில் 40 சதவீதத்தை வெட்டியது. 2022-இல் அதன் அமெரிக்க விற்பனை 21 லட்சத்து 8 ஆயிரமாகச் சரிய, 22 லட்சத்து 74 ஆயிரம் விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் பழைய இடத்தில் மீண்டும் அமர்ந்தது. ஒரு ஜனசமூகத்தின் ரசனையா இரண்டாண்டில் இருமுறை புரண்டது?

வாங்கியவர் பாடுதான் திண்டாட்டம். 2021 செப்டம்பரில் புதுக் காரின் சராசரி விலை 45,000 டாலரைத் தாண்டியது. குறித்த விலைக்குமேல் ஆயிரக்கணக்கில் கேட்ட விற்பனையாளர்களும் உண்டு. கிடைத்த சில்லுகளைக் கம்பெனிகள் லாபம் கொழிக்கும் பெரிய வண்டிகளுக்கே முதலில் ஒதுக்கின. சிறிய வண்டி தேடியவர் வெறுங்கையுடன் திரும்பினார். முதலிடத்தை இழந்த 2021-இல் ஜெனரல் மோட்டார்ஸின் நிகர லாபம் ஏறக்குறைய 1,000 கோடி டாலர். முந்திய ஆண்டைவிட அதிகம்.