காப்பியடித்த மாணவன்

"தரவு இருந்தால் போதும், இயற்பியல் எதற்கு?" கடலுக்கடியில் ஒலி எப்படிப் பரவும் என்பதை இனி இயந்திரக் கற்றலே சொல்லிவிடும் என்பவர்கள் ஓதும் மந்திரம் இது. புனேயின் ஹடப்சர் போன்ற மென்பொருள் வட்டாரங்களில் ஆண்டுக்கணக்காக ஒலிக்கிறது. புனேக்காரர்கள் கடலைப் பார்க்க சஹ்யாத்ரி மலையைத் தாண்டி இறங்க வேண்டும், அதில் குற்றமில்லை. கடலே வேண்டாம், அதன் அட்டவணை போதும் என்பதுதான் குற்றம்.

இயந்திரக் கற்றல் மாடலுக்கு வேகம் அதிகம் என்கிறார்கள். வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த மாடல் எதைப் பார்த்துக் கற்றது? கடலில் ஒலிமூலத்தையும் நீரடி ஒலிவாங்கியான ஹைட்ரோபோனையும் இறக்கி, தூரம் கூடக்கூட ஒலி எவ்வளவு தேய்கிறது என்று அளப்பது பணத்தையும் நாளையும் தின்னும் வேலை. அதனால் பயிற்சிக்கு வேண்டிய எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் பெல்ஹாப், கிராக்கன் போன்ற நிரல்களை ஓட்டியே குவிக்கிறார்கள். முன்னது ஒலிக்கதிர் வளையும் பாதையைக் கணக்கிடுகிறது; பின்னது அலைச் சமன்பாட்டைத் தீர்க்கிறது. இரண்டும் அச்சு அசல் இயற்பியல். வாத்தியார் நோட்டை வரிவிடாமல் காப்பியடித்த பையன், முதல் மதிப்பெண் வாங்கியதும் "வாத்தியார் எதற்கு?" என்று கேட்கிறான். நோட்டில் இருந்த பிழையையும் சேர்த்தே எழுதியிருக்கிறான் என்பது அவனுக்குத் தெரியாது.

'அசல் அளவீடுகளைக் கொண்டே கற்பிப்போம்' என்பார்கள். அதற்கும் ஒரு பழைய பாடம் உண்டு. 1930களில் கியூபாவின் குவாண்டனமோ அருகே அமெரிக்கப் போர்க்கப்பலான செம்ஸின் சோனார் காலையில் நன்றாகக் கேட்டது, பிற்பகலில் மந்தமானது. சாப்பாட்டு மயக்கம் என்று பழி ஆட்கள் மேல் விழுந்தது. உண்மையில் வெயிலில் மேல்நீர் ஓரிரு டிகிரி சூடேற, ஒலி கீழ்நோக்கி வளைந்து போயிருந்தது. அந்தப் பதிவுகளை மட்டும் விழுங்கிய ஒரு மாடல் கடிகாரத்தைத்தான் கற்றிருக்கும், சூரியனை அல்ல. மேகம் மூடிய, காற்று கலக்கிய ஒரு பிற்பகலில் அது தயங்காமல் தவறு சொல்லும். குளிர்கால வட வங்கக் கடலில் நிலைமையே தலைகீழ்: கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய உப்புக் குறைந்த நீர் குளிர்ந்து மேலே கிடக்க, வெதுவெதுப்பான உப்புநீர் அடியில் இருக்கும், ஒலி மேல்நோக்கி வளையும். கரீபியப் பாடம் இங்கே செல்லாது.

ஆர்கோ மிதவைகள் தரவைக் கொட்டுகின்றனவே என்றால், அவை பத்து நாளுக்கொரு முறை வெப்பத்தையும் உப்பையும் அளப்பவை. ஒலி இழப்பை அல்ல. ஆழம் குறைந்த கரையோரம் அவற்றின் களமும் அல்ல. இயற்பியலை உள்ளே புகுத்திய நரம்பு வலையமைப்புகள் வந்துவிட்டன என்பது கடைசி வாதம். வரட்டும். வாசலில் விரட்டியவரைக் கொல்லைப்புறமாக அழைத்து வந்தாயிற்று, அவ்வளவுதான்.

கொச்சியிலுள்ள கடற்படை இயற்பியல், கடலியல் ஆய்வகத்துக்காக சாகர்த்வனி என்ற கப்பல் 1994 முதல் கடலில் அலைந்து அளந்து வருகிறது. அசல் அளவீடு அப்படித்தான் கிடைக்கிறது. அடுத்த முறை யாராவது மேடையேறி இந்த மந்திரத்தைச் சொன்னால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உங்கள் பயிற்சித் தரவில் ஹைட்ரோபோன் பதிந்தது எத்தனை வரி, பெல்ஹாப் எழுதிக் கொடுத்தது எத்தனை வரி?