சவுக்கின் நுனி யார் முதுகில்?

"உற்பத்தி வியூகம்", "விநியோகச் சங்கிலி" என்ற பெயர்களில் சர்வகலாசாலைகளில் பெரிய ஆராய்ச்சிகள் நடக்கின்றன. வயலிலிருந்து ஆலை, கப்பல், கடை வரை சரக்கை எப்படி நகர்த்துவது என்பதை ஆராயும் சாஸ்திரம் இது. நமக்கு நாளை வேலை உண்டா இல்லையா என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. ஆகவே நாமும் இதைப் பரிசீலிக்க வேண்டும்.

1997இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் ஹாவ் லீயும் இரு சகாக்களும் ஓர் உண்மையை எழுதினார்கள். குழந்தைக்குக் கட்டும் அணையாடை கடையில் ஏறக்குறைய ஒரே அளவில்தான் விற்கிறது. ஆனால் கடையிலிருந்து மொத்த வியாபாரிக்கும், அங்கிருந்து கம்பெனிக்கும் ஆர்டர் போகப் போக, அது தாறுமாறாக ஏறி இறங்குகிறது. பிடி சற்றே அசைந்தாலும் நுனி எகிறுகிறதல்லவா? இதற்குச் "சவுக்கு விளைவு" என்று பெயர்.

கண்டுபிடிப்பு சரிதான். நாம் கேட்பது ஒன்றே: அந்தச் சவுக்கின் நுனி யார் முதுகில் விழுகிறது?

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது மேல்நாட்டுத் துணிக் கம்பெனிகள் வங்காளதேச ஆலைகளுக்குக் கொடுத்த ஆர்டர்களை ரத்து செய்தன. தைத்து முடித்த துணிக்குக்கூடப் பணம் தர மறுத்தவர்கள் உண்டு. அம்மாதமே ஆராய்ச்சியாளர் மார்க் ஆனர் விசாரித்து எழுதினார்: 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலையிழந்தனர், அல்லது தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். மனமிருந்தால் ஆராய்ச்சி நம் பக்கமும் திரும்பிப் பார்க்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

தேவையான பொருள், தேவையான நேரத்தில், தேவையான அளவில்! இது ஜப்பானின் டொயோட்டா கம்பெனியில் டாய்ச்சி ஓனோ வளர்த்த முறை. கிட்டங்கியில் சரக்கு தேங்கக்கூடாதாம். ஏம்பலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போகும் விவசாயத் தொழிலாளிக்கு இது புதிதா? வேலை இருந்தால் "வா". மழை பெய்தால் "நாளைக்குப் பார்க்கலாம்". காத்திருந்த நாளுக்குக் கூலி உண்டா? தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலிக்கு நிற்பவனின் கதியும் அதுவே. சரக்குக்கு வகுத்த முறையை மனிதன் மீது ஏவுகிறார்கள். கிட்டங்கி காலியாக இருக்கலாம். வயிறு காலியாக இருக்கலாமா?

"சந்தை நிலையில்லாதது, முதலாளி என்ன செய்வார்?" என்பார்கள். பதில் அந்தப் பேராசிரியர்களின் கட்டுரையிலேயே இருக்கிறது. உண்மையான விற்பனைக் கணக்கை எல்லோரும் பகிர்ந்துகொள்ளுங்கள், விலையை நிலையாக வையுங்கள், ஆர்டரைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுங்கள் என்றார்கள். வியாபாரிக்குக் காட்டும் கணக்கைத் தொழிலாளிக்கும் காட்டினால் என்ன குடி முழுகிவிடும்?

1953இல் வந்த சட்டத் திருத்தம், 50 பேருக்குக் குறையாத ஆலையில் வேலை தராத நாளுக்குப் பாதிச் சம்பளம் என்றது. ஆனால் பதிலியையும் அன்றாடக் கூலியையும் விலக்கியது. சவுக்கின் நுனி விழுவது அவர்கள் முதுகில்தான்!

புதுச்சேரி ஆலைத் தொழிலாளி எட்டு மணி நேர வேலையைப் பிச்சையாகப் பெறவில்லை. 1936 ஜூலை 30இல் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்கு 12 பேர் பலியானார்கள். மறு ஆண்டே எட்டு மணி நேரம் சட்டமாயிற்று. அன்று வேலை நேரத்துக்கு வரம்பு கேட்டோம். இன்று காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி கேட்கிறோம். பதிலிக்கும் ஒப்பந்தக்காரனுக்கும் வயல் கூலிக்கும் அது கிடைக்கும்வரை, ஆலையும் வயலும் ஒரே குரலில் கேட்கட்டும்!